காட்டுமாடு விட்டுப்போன தக்காளி

மாமா,

இன்று காலையில் தக்காளிச் செடிகளுக்குப் பக்கக் கிளை கிள்ளிவிட்டு வந்தேன். கையைக் கழுவினால் தண்ணீர் பச்சையாக ஓடுகிறது. வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அந்தத் தழை வாசம் இருக்கிறதே, அதற்கும் பழத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பாதி மருந்து, பாதி மழை. விரலை மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. எதிரே இருந்த பூண்டுக்காடு மறைந்தது, வேலி மறைந்தது, கடைசியில் என் கால் பெருவிரலும் மறைந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, தோளில் துண்டும் தலையில் கொய்யாக்கூடையுமாக நீங்கள் ஏறி வருவது போல ஒரு தோற்றம். மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன மாப்ள, ஊரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்று கேட்பது போலவும் இருந்தது.

வரப்போகிற தை, நீங்கள் இல்லாத முதல் தை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் சரக்கில்லை என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். உங்கள் மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு எழுதுறதுலயாவது உள்ளத எழுதுங்க" என்கிறாள். உள்ளதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே.

பெண் பார்க்க மலையிறங்கி ஆயக்குடிக்கு வந்த அன்றைக்கு உங்கள் வீடு முழுக்கக் கொய்யா வாசம். அறை அறையாக வைக்கோலைப் பரப்பி, அதற்குள் காய்களைப் படுக்க வைத்திருந்தீர்கள். தூங்குகிற பிள்ளைகளைப் போல அவை கிடந்தன. சாப்பாட்டில் தக்காளிக் குழம்பு ஊற்றினீர்கள். ஊற்றிவிட்டு, பந்தியில் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி, "ஒங்க கூக்கால் மலையில இதெல்லாம் பழுக்குமா?" என்றீர்கள்.

மலையின் மானம் என் வாயில் இருந்தது. நான் சும்மா இருக்க முடியுமா?

"பழுக்குமாவா? போன வருசம் ஒரு பழம் உருண்டு வந்து எங்க வீட்டு வாசக்கதவ அடச்சுக்கிருச்சு மாமா. கூரையப் பிரிச்சுத்தான் வெளிய வந்தோம்."

நீங்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டீர்கள். "கதவு எந்தப் பக்கம் தெறக்கும்?"

"உள்பக்கம்."

"அப்பத் தெறந்து, பழத்தத் தின்னுக்கிட்டே வந்திருக்கலாமே."

அடுப்படிக்குள் யாரோ சிரித்தார்கள். வாயைப் பொத்தியும் பொத்த முடியாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் தலையைக் கொடுத்தேன்.

வைகாசியில் கல்யாணம் முடிந்து, மகளைக் கொண்டுவந்து விட நீங்களும் குதிரைத் தடத்தில் மேலே ஏறி வந்தீர்கள். நீங்கள் கூக்காலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தது என்று சொல்லக்கூடாது; இருந்த இரண்டு நாளும் மேகம் விலகவே இல்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்கள். சுவர் ஈரமாக இருந்தது. உள்ளே உங்கள் மகள் இருமினாள். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள்.

புறப்படும்போது வேட்டி முடிச்சை அவிழ்த்து, சாம்பலில் பிசைந்து காயவைத்த தக்காளி விதையை என் கையில் வைத்தீர்கள். அப்போது உங்கள் முகத்தில் வேடிக்கை இல்லை.

"மாப்ள, வாய்ப்பேச்செல்லாம் இருக்கட்டும். ஒரு தக்காளி பழுக்காத குளிர்ல எம் மக எப்படிப் பொழப்பா? தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டாருவேன். இங்க, இந்த மண்ணுல, செடியில பழுத்த ஒரு பழத்தக் காட்டுங்க. அவ இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு ஆயக்குடிக்கு வந்துரணும். கொய்யா மண்டியில ஒங்களுக்கும் ஒரு எடம் போட்டு வச்சிருக்கேன்."

இதைப் போகிற வழியெல்லாம், சந்தையெல்லாம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். மகளோடுதான் திரும்புவேன் என்று அடிவாரத்து டீக்கடையில் சத்தியமே செய்தீர்களாம். பூண்டுக்காட்டை விட்டுவிட்டு, வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொய்யா எண்ணுவதா? நான் இறங்கிப்போனால் இந்த மலை என்ன ஆவது என்ற கவலை எனக்கு. உங்கள் மகளுக்கு வேறு கவலை. இருமல் அந்த மாதமே நின்றுவிட்டது. ஒரு நாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்:

"எனக்கு இந்த மேகம் பிடிச்சிருக்குங்க. ஆயக்குடித் தெருவுல நான் நடந்தா பத்துக் கண்ணு பாக்கும். இங்க நான் பாட்டுக்கு நடக்கேன்."

அதற்குப் பிறகு அந்த விதை எனக்கு விளையாட்டு இல்லை, மாமா.

சிரட்டைகளில் மண்ணை நிரப்பி, அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்து முளைக்க வைத்தோம். முளைத்தது. வெளியே கொண்டுபோனால் நடுங்கியது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கண்ணாடியிலேயே வீடு கட்டி அதற்குள் தக்காளி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பூண்டு மூட்டையோடு போனவன் ஒரு பங்களா வேலிக்கு இந்தப்புறம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, என்னிடம் யோசனை கேட்டார்கள் என்று ஊரில் சொன்னேன். கேட்டிருந்தால் சொல்லித்தான் இருப்பேன்.

கண்ணாடிக்கு நான் எங்கே போவேன்? நீங்கள் பழனி ஸ்டுடியோவில் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்த கல்யாணப் படம் சுவரில் தொங்கியது. அதன் கண்ணாடியைக் கழற்றி நாற்றுப் பெட்டிக்கு மூடியாக்கினேன். நாற்று பிழைத்தது. படத்துக்குள் ஈரம் புகுந்துவிட்டது. இன்றைக்கும் அதில் நானும் அவளும் தெளிவாக இருக்கிறோம். பின்னால் நிற்கிற நீங்கள் மட்டும் மேகத்துக்குள் நிற்கிறீர்கள். அப்போது அதற்காக என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போது அதைத் துடைக்கக்கூட யாரையும் விடுவதில்லை.

வெயில் விழுகிற கிழக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன் காலடியில் செடிகளை நட்டோம். சுவர் பகலில் வாங்கின சூட்டை மாலையில் செடிக்குக் கொடுத்தது. பொழுது சாய்ந்தால் சாக்குப் போர்த்துவோம். ஆடியிலும் ஆவணியிலும் சூரியன் எங்கள் ஊர்ப் பாதையையே மறந்துவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவது போல இருக்கிறது. வெள்ளையான பகல், வெள்ளையான மாலை, நடுவில் எங்கோ மாட்டுமணிச் சத்தம். மேகத்தில் துண்டைப் போட்டால் கீழே விழாது. நான் போட்டே பார்த்திருக்கிறேன்.

மஞ்சளாகப் பூ வந்தது. வந்த வேகத்தில் உதிர்ந்தது. மேகத்துக்குள் தேனீ வரவில்லை என்று உங்கள் மகள்தான் கண்டுபிடித்தாள். மதியத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் செடி செடியாகக் குனிந்து, பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுவாள். வீணைக் கம்பியைத் தொடுவது போல இருக்கும். நான் பக்கத்தில் நின்று தேனீயைப் போல ரீங்காரம் செய்வேன். என் ரீங்காரத்தில்தான் காய் பிடித்தது. அவள் வேறு மாதிரி சொல்வாள்.

காய் பிடித்தது, பருத்தது. இளநீர் அளவு என்று நான் சொல்வேன். எலுமிச்சை அளவு என்று அவள் சொல்கிறாள், எழுதிவிட்டேன். ஆனால் பச்சை, மாமா. கார்த்திகை விளக்கு வைத்தபோதும் பச்சை. மார்கழி பிறந்தபோதும் பச்சை. புதுப் பூவையும் நுனிக் கொழுந்தையும் அவள் கிள்ளி எறிந்தாள், இருக்கிற காய்க்காவது தெம்பு போகட்டும் என்று. காய்கள் பச்சைக் கண்களைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

ஒரு நாள் சாயங்காலம் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. காற்று இல்லை. ஏரியிலிருந்து ஆவி நேராக மேலே எழும்பியது. மறுநாள் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புக் கொட்டினது போல வெளுத்துக் கிடக்கும், தக்காளிச் செடி வெந்த கீரையாகிவிடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் வீட்டிலிருந்த சாக்கு, கம்பளி, என் வேட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் உங்கள் மகள் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், என்ன செய்யுற? செத்துப்போகுமே."

"சாகட்டும். எங்க அப்பா கொய்யாவ எங்க பழுக்க வக்கிறாரு, மரத்துலயா?"

"இது தக்காளி."

"காய் காய்தாங்க. வெரசா பிடுங்குங்க, பொழுது போகுது."

எங்கள் அடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டுக் கட்டுகள் புகைக்குத் தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே செடிகளைக் காயோடும் இலையோடும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். கீழே அடுப்பு எரிந்தது. புகை மெல்ல ஏறிப் பூண்டைத் தடவி, தக்காளியைத் தடவி, கூரை இடுக்கு வழியாகப் போயிற்று. வெளியே உலகம் வெளுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பாயில் மல்லாந்து படுத்து, தலைகீழாகத் தொங்குகிற அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். வானத்தில் விளைகிற காட்டுக்குக் கீழே குடித்தனம் நடத்துவது போல இருந்தது. இலை வாடிச் சருகானது. சில காய் சுருங்கியது, சில அழுகியது. பிறகு ஒரு காலையில் ஒரு காயின் கன்னத்தில், யாரோ கிள்ளிவிட்டது போல, லேசாக ஒரு சிவப்பு. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பொங்கலுக்கு நீங்கள் சீரோடு வந்தபோது ஒரு பழம் முழுசாகச் சிவந்திருந்தது. முந்தின நாளே சருகை எல்லாம் மாட்டுக்கொட்டிலில் ஒளித்துவிட்டோம். அவள் பழத்தை நான்காக அறுத்து உப்புத் தூவி, தட்டில் வைத்தாள். நீங்கள் ஒரு துண்டை எடுத்தீர்கள். வாயில் போடவில்லை, மூக்குக்கிட்டே கொண்டுபோனீர்கள். வாழ்நாளெல்லாம் பழத்தை மோந்து விலை சொன்ன மூக்கு. புகையையும் பூண்டையும் அதனிடம் மறைக்க முடியுமா? உங்கள் கண் மெதுவாக மேலே பரணுக்குப் போயிற்று.

"செடியப் பாக்கலாமா மாப்ள?"

கிழக்குச் சுவரோரம் போனோம். குழிகள்தான் இருந்தன.

"நேத்து காட்டுமாடு வந்து வேரோட பிடுங்கித் தின்னுட்டுப் போயிருச்சு மாமா. யானை மாதிரி இருந்துச்சு."

நீங்கள் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள். "பழத்த மட்டும் நமக்குன்னு விட்டுட்டுப் போயிருக்கு. நல்ல மாடு" என்றீர்கள். எங்கள் மூட்டை பாதி கட்டியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து பார்க்கிறேன். உங்கள் மகள் வெயிலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், வாயைப் பொத்தவில்லை. நீங்கள் கம்பளிக்குள் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தீர்கள். பிறகு கிட்டே போய், "என்ன தாயி, கெளம்புவமா?" என்றீர்கள்.

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நீங்க போய்ட்டு வாங்கப்பா. எனக்குச் சோலி கெடக்கு."

நீங்கள் குனிந்து அவள் தலையில் கையை வைத்தீர்கள். எடுத்தீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தீர்கள்.

உங்களைக் கொண்டுவிட நானும் அடிவாரம் வரை இறங்கினேன். தடம் முழுக்க நீங்கள்தான் முன்னால் நடந்தீர்கள். டீக்கடையில் உங்கள் கொய்யா வியாபாரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்.

"என்னண்ணே, மகளக் கூட்டிட்டு வராமத் திரும்ப மாட்டேன்னு சொன்னீக. தனியா வாரீக?"

நீங்கள் டீயை ஆற்றினீர்கள். ஒரு வாய் குடித்தீர்கள்.

"எதுக்குக் கூட்டிட்டு வரணும்? அங்க தக்காளி செடியிலயே பழுத்துக் கெடக்கு. நானே எங் கையால பறிச்சேன். பறிக்கையில காட்டுமாடு ஒண்ணு வந்துச்சு. துண்டால ஒரு வீசு வீசினேன், ஓடியே போச்சு."

"மாடா? நீங்களா? பழம் என்ன பருமன் இருக்கும்ணே?"

நீங்கள் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தீர்கள். விரித்துக்கொண்டே போனீர்கள். அவர்கள் சிரித்தார்கள், தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல், விரித்த கையை மடக்காமல், என்னைப் பார்த்தீர்கள்.

என் வாழ்நாளில் நான் ஆயிரம் சொல்லியிருப்பேன், மாமா. எனக்காக இன்னொருவர் சொன்னது அந்த ஒன்றுதான். அதே டீக்கடையில் செய்த சத்தியத்தைக் கீழே போட்டுவிட்டு, என் பேச்சைத் தூக்கி உங்கள் தோளில் வைத்துக்கொண்டீர்கள். மகளை இந்த மேகத்துக்குள் விட்டுவிட்டு, ஊர் சிரிக்கச் சிரிக்க வீட்டுக்கு நடந்தீர்கள்.

மற்ற கதைகளை நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்த்துத்தான் சொல்கிறேன். அவை வளர்கிற சாதி. டீக்கடையில் நீங்கள் சொன்னதை மட்டும், இத்தனை வருசமாக, நீங்கள் சொன்னபடியே சொல்லி வருகிறேன். அதில் ஒரு சொல் கூட்ட எனக்கு இதுவரை மனசு வரவில்லை.