உன்னைக் கேட்காமல் அனுப்பிய கடிதம்

என் ஆசை அக்காவுக்கு,

இதை வாசிக்கிறவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. ஆனால் உன் வாழ்க்கையில் ஒரு பக்கத்தை அவர்கள் ஏற்கெனவே வாசித்துவிட்டார்கள். கொடுத்தவள் நான்.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, முசரவாக்கத்து வீட்டிலேயே உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் ஈமெயிலில் ஒரு கடிதம் அனுப்பப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நீதான், "எழுதட்டும்மா, அவளுக்கு வேற என்ன தெரியும்?" என்று சிரித்தாய். முதல் ஆளாகச் சேர்ந்ததும் நீதான். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வாராவாரம் உன் மகளைக் கூப்பிடுவாய்.

முதல் வருஷம் பஸ்ஸைப் பற்றி, ரேஷன் கடையைப் பற்றி, சர்ச்சில் சுருதி சேராமல் பாடும் எங்கள் பாட்டுக் குழுவைப் பற்றி எழுதினேன். ஒரு வாரம் எதுவுமே தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், எழுதக் கையில் இருந்தது நீ மட்டும்தான். புருஷன் வீட்டை விட்டு, இடுப்பில் குழந்தையோடும் கையில் ஒரு குக்கரோடும் நீ திரும்பி வந்த கதை. வருகிற வழியில் ஏரிக்கரையில் உட்கார்ந்து நீ நினைத்ததையும் எழுதினேன். அது நீ என்னிடம் மட்டும் சொன்னது.

அந்த வாரம் வந்த அளவுக்குப் பதில்கள் எப்போதும் வந்ததில்லை. "அழுதுவிட்டேன்" என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ கடையிலிருந்து வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னிக்கி கடையில என்னைப் படிச்சாங்கடி" என்றாய்.

காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் மத்தியானம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, முதலாளி வீட்டு மருமகள் போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்திருக்கிறாள். குக்கர் கதையை நீ அங்கே ஏற்கெனவே தமாஷாகச் சொல்லியிருந்தாயாம்.

"உன் பேரே போடலையேக்கா."

"குக்கர்னு வந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. சோத்துல கை வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். பேரு போடலைன்னா அது நான் இல்லைன்னு ஆயிடுமா?"

மன்னித்துக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "நெறைய பேருக்கு ஆறுதலா இருந்துச்சாம்க்கா." நீ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். பிறகு, "எடுத்துடு" என்றாய். கடிதங்களைப் போட்டுவைக்கும் இணையதளத்திலிருந்து உடனே எடுத்தேன். ஆனால் அனுப்பிய ஈமெயில் அனுப்பியதுதான். இன்றைக்கும் அது எத்தனையோ பேர் பெட்டியில் கிடக்கிறது.

அதற்கப்புறம் நீ சண்டை போடவில்லை. குழம்பு, பஸ், தண்ணி வராதது எல்லாம் பேசினாய். உன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

போன வருஷம் ஒருநாள், "ஏன்க்கா இப்டி இளைச்சுட்ட?" என்று கேட்டேன். "நாளெல்லாம் நின்னுக்கினே இருந்தா குண்டாவா ஆவாங்க?" என்றாய். அதையும் நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அம்மா போன் செய்தபோது, நோய் தெரிந்து ஏழு மாசம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும். உன் மகளுக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. வராந்தாவில் அம்மாவைப் பிடித்துக் கேட்டேன், "எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவதான் வேணாம்னா. 'அவளுக்குத் தெரிஞ்சா எழுதிடுவா'ன்னா."

பதினோரு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். ஒரு தடவை கண் திறந்து, "சாப்ட்டியா?" என்றாய். "ம்" என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தார். நீ மறுபடி தூங்கிவிட்டாய். தூங்குகிறவளிடம்தான் கேட்டேன். காதில் விழுந்ததா அக்கா?

அந்த ஏழு மாசமும் ஸ்கேனுக்கு யார் கூட வந்தார்கள்? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? என்னிடம் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. எழுதியிருப்பேன். அழகாக எழுதியிருப்பேன்.

நீ போன பிறகு கடிதத்தை நிறுத்திவிட்டேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டார்கள். பதில் போடவில்லை. இதை அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ உன்மேல கோவமா போவலடி" என்று மட்டும் சொன்னாள். உன் மகளிடம் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தேன். பேனாவை எடுத்து இரண்டு இடங்களை அடித்தாள். உன் நோயின் பேரும், ஏரிக்கரையில் நீ நினைத்ததும் இங்கே இல்லாததற்கு அவள்தான் காரணம்.

"இந்த எடம் நல்லா வந்திருக்குதேடி" என்றேன்.

"அதான் வேணாங்கறேன் சித்தி" என்றாள்.

இனி யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அந்தச் சனிக்கிழமை கடிதம் இல்லாமலே போகட்டும். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது, உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டுக்கொண்டேன், அக்கா. அவ்வளவுதான்.

உன் தங்கச்சி