பனிக்குள் வைத்தால் கெடாது

அன்புள்ள இத்தோவுக்கு,

உனக்கும் உன்னோடு ஒரே கூரையின் கீழ் தங்கியிருக்கும் பெண்களுக்கும் என் ஸலாம். கடிதம் என்றதும் பதறாதே. நானும் தூதாவும் இருக்கிறோம், ஆடுகள் இருக்கின்றன, கூரையும் பனியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பழம் பறிக்கப் போகும் அடுத்த கூட்டத்தோடு ராப்ஹா நாளைக்கு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறாள். உன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டமாம். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்குப் போனில் உனக்கு நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் தூதாவைப் பற்றி. தினமும் பாலர் வகுப்புக்குப் போகிறாள். தலை வாரிவிடுவது நான்தான். யாம்னா அக்கா பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய பழம் பறிக்க அனுப்பிட்டு சடை பின்னக் கத்துக்கிட்டியாடா? கழுதைக்குத் திரிச்ச கயிறு மாதிரி இருக்கு" என்றாள். தூதா உடனே, "எங்கப்பா பின்னுனா அவுறவே அவுறாது அத்தை" என்று எனக்காகப் பேசினாள். அவிழ்க்கும்போது அவள் அலறுவது அக்காவுக்குத் தெரியாது.

ஹஸ்னா டீச்சர் இந்தக் குளிர்காலத்தை வீணாக்கவில்லை. வெளியே விளையாட முடியாது என்பதால் பனியையே பாடமாக்கிவிட்டாள். எல்லோருடைய கையுறைகளையும் தரையில் கொட்டி ஜோடி சேர்க்கச் சொல்வாள். ஜன்னல் விளிம்பில் ரொட்டித் தூள் போட்டு, எத்தனை குருவி வந்தது என்று கூழாங்கல் வைத்து எண்ணுவார்கள். வெள்ளைத் தாளை மடித்து வெட்டிப் பனிப்பூ செய்வார்கள். வகுப்பு அடுப்புக்கு விறகு கொண்டுவருவது பெற்றோர் முறைவைத்துச் செய்யும் வேலை. அப்படிப் போகும்போதுதான் இதெல்லாம் பார்த்தேன்.

ஒருநாள் டீச்சர் ஒரு வேலை சொன்னாள். எல்லோரும் வீட்டிலிருந்து தங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க முற்றத்தில் வைத்தால் கட்டியாகிவிடும். மறுநாள் எப்படி அதை வெளியே எடுப்பது என்று பிள்ளைகளே யோசிக்க வேண்டும். கூடவே, இறைச்சியைப் பனியில் புதைப்பது ஏன் என்று கேட்டு, "பனிக்குள்ள வச்சா கெடாது, அப்படியே இருக்கும்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

அதற்குச் சில நாள் முன்னால் என் போன் நிரம்பிப்போய், நீ பேசி அனுப்பிய பழைய பதிவுகள் அழிந்துவிட்டன. தோட்டத்துப் பூனை உன் செருப்புக்குள் தூங்கிய கதை இருந்ததே, அதுவும் போய்விட்டது. தூதா தினமும் படுக்கும் முன் கேட்பது அது. ஏன் வரவில்லை என்று கேட்டாள். "பழசு எல்லாம் போயிடும்மா, புதுசு வரும்" என்றேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

டீச்சர் அந்த வேலையைச் சொன்ன மறுநாள் போனைக் காணோம். ஜன்னலில்தான் வைத்திருந்தேன். வீட்டையே புரட்டினேன், அக்காவோடு சண்டை போட்டேன். அதற்கு அடுத்த நாள் காலையில் விறகோடு வகுப்புக்குள் நுழைந்தால், பிள்ளைகள் கட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து உப்புத் தூவுகிறார்கள், ஊதுகிறார்கள், கரண்டியால் தட்டுகிறார்கள். ஒருவனுடைய கட்டிக்குள் பம்பரம், ஒருத்தியுடையதில் வளையல். தூதா மட்டும் தன் கிண்ணத்தை மடியில் அணைத்துக்கொண்டு யாரையும் தொட விடவில்லை. "உடைக்காதீங்க! உடைச்சா அம்மா கெட்டுப் போயிடுவா!" என்று கத்தினாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பனிக்கட்டிக்குள் கறுப்பாக என் போன்.

இத்தோ, நான் குரலை உயர்த்திவிட்டேன். டீச்சர் நடுவில் வந்து நின்றாள். "கத்தாதீங்க மோஹா அண்ணே. துணியில சுத்திக் கொண்டுவந்தா. என்னம்மா இதுன்னு கேட்டேன், 'அம்மா'ன்னா. நான் போட்டோன்னு நெனச்சுட்டேன். கெடாதுன்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான்" என்றாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒருவழியாகப் போனை வெளியே எடுத்தார்கள். யாம்னா அக்கா ஈரம் போகட்டும் என்று அதை ரவைக்குள் புதைத்து வைத்தாள். ரவைதான் வீணானது.

அன்று மாலை வானொலியில் ஒரு செய்தி வந்தது. ஸ்பெயினில் பழத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிப் போன பஸ் ஒன்று கவிழ்ந்துவிட்டது, பலருக்குக் காயம், சிலர் இறந்துவிட்டார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. உன் எண் செத்துப்போன அந்தப் போனுக்குள் இருந்தது. எனக்கு மனப்பாடம் இல்லை. அந்த இரவே பெரிய பனி கொட்டி மலைப்பாதை அடைந்துவிட்டது, செல்போன் கோபுரமும் நின்றுவிட்டது. நம் ஊரிலிருந்து இந்த முறை முதல் கூட்டத்தில் போனவள் நீ ஒருத்திதான். யாரிடம் போய்க் கேட்பேன்?

வீட்டில் உட்கார முடியவில்லை. என் முறை இல்லாத நாளிலும் விறகு சுமந்துகொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். டீச்சர் அடுப்போரம் எனக்கு ஒரு குட்டி நாற்காலி போட்டாள். முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து நானும் குருவி எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

யாரோ ஒரு பிள்ளை வீட்டில் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து தூதாவிடம், "உங்கம்மா பஸ் கவுந்துடுச்சாமே" என்று சொல்லிவிட்டது. வீடு திரும்பும் வழியில் அவள் என் கையைப் பிடித்தபடி கேட்டாள். "அப்பா, அது அம்மா பஸ்ஸா?" இல்லை என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். "நான் அம்மாவத் தண்ணியில போட்டேன்ல. அதனாலதான் கவுந்துச்சா?"

இல்லை என்று சொன்னேன். தூக்கிக்கொண்டு சொன்னேன், இறக்கிவிட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து சாப்பிடவில்லை. பார்லிக் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் தண்ணீர் இருக்கும் பக்கமே போகமாட்டாள், கை கழுவக்கூட. ஹஸ்னா டீச்சர் பேச்சால் தேற்றவில்லை. தன் வீட்டுப் பழைய சாவியைக் கிண்ணத் தண்ணீரில் உறைய வைத்து, "சாவிய உறைய வச்சோமே, எங்க வீட்டுக் கதவுக்கு என்ன ஆச்சு? போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்பினாள். தூதா பனியில் ஓடிப்போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "கதவு அப்படியேதான் இருக்கு" என்றாள். மறுநாள் வேறு பொருள், வேறு வீடு. ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருநாள் மாலை கஞ்சியைப் பாதி குடித்தாள். உன்னை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வர முடியவில்லையே, அதனால் மீதிப் பாதி கிண்ணத்திலேயே இருந்தது.

பனி தள்ளும் வண்டி வந்து பாதை திறந்த அன்றே மிதெல்த் நகரத்துக்குப் போனேன். போன் கடைக்காரன் என் சிம்மை எடுத்து வேறொரு போனில் போட்டான். கொஞ்ச நேரத்தில் நான் எடுக்காமல் போன உன் அழைப்புகளெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பஸ் கவிழ்ந்த நாளுக்கு மறுநாளும் நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரன் பயந்துபோய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். வேறொரு பெண் எடுத்தாள், உன்னிடம் கொடுக்க ரொம்ப நேரம் ஆனது. நீ பேசினாய். "நல்லாருக்கேங்க" என்றாய். "அந்த பஸ்ஸுல நீ இருந்தியா?" என்றேன். "தூதா சாப்பிட்டாளா?" என்றாய். மறுபடி கேட்டேன். "பனி ரொம்பவா?" என்றாய். உன் பின்னால் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று தரையில் உருண்டு போகும் சத்தம். யாரோ ஒருத்தி அந்த ஊர் மொழியில் உன் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டாள். தோட்டத்தில் யாரும் அவ்வளவு மெதுவாகக் கூப்பிடமாட்டார்கள், இத்தோ.

நீ பேசினாய் என்று சொன்னதும் தூதா முழுக் கிண்ணமும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். நேற்று வகுப்பில் ஜாடி நிறையப் பனியை அடைத்து அடுப்போரம் வைத்திருக்கிறார்கள். உருகி அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சியதாம். ஒருவன், "டீச்சர், யாரோ குடிச்சுட்டாங்க" என்று புகார் சொன்னானாம். தூதா அந்த ஜாடியை ராப்ஹாவிடம் கொடுத்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று அடம். உருகிவிட்டதே என்றால், "தண்ணியாப் போனா என்ன, அம்மா குடிச்சுக்கட்டும்" என்கிறாள். "கப்பல் ஏறும் முன்னாடியே பிடுங்கிடுவாங்கடி" என்று ராப்ஹா சிரித்தாலும் வாங்கி மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

இங்கே நடந்த எதையும் மறைக்கவில்லை. இனி நீ சொல்ல வேண்டும். ராப்ஹாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: இத்தோவை எதுவும் கேட்காதே, எழுந்து வந்து கதவைத் திறக்கிறாளா, இரண்டு கையாலும் உன்னைக் கட்டிக்கொள்கிறாளா, அதை மட்டும் பார் என்று. ராப்ஹா பார்த்துச் சொல்வதற்கு முன்னால் நீயே எனக்குச் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் சரி. உட்கார்ந்தபடி வந்தாலும், சாய்ந்தபடி வந்தாலும், இது உன் வீடு. மலைப்பாதை வரைக்கும் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தோள் இருக்கிறது. பழம் பறிக்க உலகத்தில் எத்தனையோ கைகள் உண்டு.

உன் கைகளையும் கால்களையும், உன் கண்ணையும், அந்தக் குரலையும் இறைவன் பத்திரமாக வைத்திருப்பானாக.

உன் மோஹா