கடைசிப் படலம்

செவ்வாய்க் கோள், வடக்கு ஆய்வுக்கூடம்
எழுதுபவர்: டாக்டர் ரெஜினா

நாள் 212, 09:05
குறைக்கடத்திப் படலம் எண் 7. லேசர் பட்டதும் கோடிக்கணக்கான துகள்கள் தாளம் சேர்ந்து ஒரே கணத்தில் ஒளி விட்டன. ஆளாளுக்குக் கைதட்டுவதற்கும் கூட்டமே சேர்ந்து ஒரு தட்டுத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். வெற்றி! சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. இங்கே இரண்டே பேர். வண்டியோட்டி இருளாண்டி அண்ணன் பாறை எடுக்கப் போயிருக்கிறார். காபித்தூளைத் தீர்த்தது அவர்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

12:40
புழுதிப் புயல். அண்ணனின் வண்டியில் திசை காட்டும் திரை போய்விட்டது. சாதாரண விளக்கு பத்தடி தாண்டவில்லை. படலத்தின் ஒளி ஒரு கிலோமீட்டர் தாண்டும். வண்டியிலுள்ள ஒளியுணர் கருவி அதைப் பிடித்து வழிகாட்டும். படலத்தைக் கம்பத்தில் ஏற்றிவிட்டேன். ஆனால் குளிர்விப்பான் படுத்துவிட்டது, லேசர் சூட்டில் படலத்தில் விரிசல். இன்னும் ஒரே தடவைதான் ஒளிரும். வேறு படலம் இல்லை. வானொலியில் அவரிடமும் சொன்னேன்.

13:25
வானொலியில் முக்கால்வாசி இரைச்சல். "...டாக்டரம்மா... படலத்த... சரி, வாரேன்."
வழி கிடைத்துவிட்டது, வருகிறார்! அப்பாடா. அவசரப்பட்டுப் படலத்தைச் செலவழிக்கவில்லை. இன்னும் நெருங்கட்டும். அவரிடம் 15:00 வரை காற்று இருக்கிறது.

14:50
காணோம். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் வந்தாரா என்று தெரியாமல் கடைசி ஒளியை விடப் பயந்து, 13:25 பதிவைக் கணினியிடம் கொடுத்திருக்கிறேன்.

15:10
கணினி இரைச்சலை நீக்கிக் கொடுத்தது.
"வழி தெரியல டாக்டரம்மா. ஒரே எடத்துல சுத்திக்கிட்டே இருக்கேன். காத்து வேற கசியுது. எனக்காக உங்க படலத்தப் பாழாக்காதீக. சரி, வாரேன்."
விடைபெற்றிருக்கிறார். நம்மில் யார் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்பார்? 'வாரேன்', பிறந்ததிலிருந்து கேட்ட சொல். எனக்குப் புரியவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

15:14
ஒளியை விட்டேன். படலம் தூளாகிவிட்டது. வண்டியில் பட்டு எதிரொளி வந்தது. தூரம் 340 மீட்டர். அசைவில்லை. 13:25க்கே விட்டிருந்தால் இந்நேரம் இங்கே உட்கார்ந்து என்னைக் கிண்டலடித்துக்கொண்டிருப்பார்.

15:22
உடை மாட்டியாயிற்று. கூடுதலாக ஒரு காற்று உருளை எடுத்திருக்கிறேன். கம்பத்தில் கட்டிய கயிறு இருநூறு மீட்டர்தான். அதற்கப்பால் குத்துமதிப்பு.
அவரை அங்கே தனியாக விட முடியாது.
படிப்பவருக்கு: படலத்தின் அளவுகள் மூன்றாம் அலமாரியில்.
போகிறேன்.