இருபத்திரண்டாம் சுற்று

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழுக்கே அனல். மேல்காற்று இன்னும் பிடிக்கவில்லை. வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று வேளை. நேற்று ஒரு வேளை தவறியது. இனித் தவறக் கூடாது.

குறுவை நாற்றங்கால் விட்டு எட்டு நாள். ஆற்றில் மணல்தான், போர் தண்ணீரை நம்பி இருக்கிறோம். மும்முனை மின்சாரம் பகல் ஒன்பதிலிருந்து மூன்று வரை. நம் வயலைப் பார்க்கும் முருகையனுக்கே இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கர் உண்டு. இருந்தும் முப்பது வருடப் பழக்கம், நம் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் தன் வயலுக்குப் போகிறார்.

வாங்க வேண்டியவை: நல்லெண்ணெய், ரவிக்குச் சவரக் கத்தி, பூட்டுக்கு எண்ணெய், நீல மை.

தங்கை திருச்சியிலிருந்து போன். "ரவி இன்னும் வீடியோ கேம்தான் விளையாடிக்கிட்டிருக்கானாக்கா?" சிம் ரேஸிங், கம்ப்யூட்டரில் ஓட்டும் கார் பந்தயம் என்று திருத்தினேன். எனக்கு அது பிடிக்காது. ஒன்றைத் தவறான பெயரால் அழைப்பது அதைவிடப் பிடிக்காது.

முன் அறை முழுவதும் அதுதான். மூன்று திரை, ஒரு ஸ்டீயரிங், இரும்புச் சட்டத்தில் பொருத்திய கார் இருக்கை. காலால் மிதிக்கும் பெடல்கள் இல்லை. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஸ்டீயரிங்கின் பின்னால் இரண்டு தகடுகளாக, விரலுக்கு எட்டும்படி, அவனே செய்து வைத்தவை. சக்கர நாற்காலியிலிருந்து அந்த இருக்கைக்குத் தானே கை ஊன்றி மாறுவான். உதவிக்குப் போனால் முறைப்பான். போவதில்லை. சமையலறையில் நின்று, சட்டம் கிறீச்சிடும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வேலை.

ஜூன் 5, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை. பால் திரிந்தது.

மோர் கொண்டு போனபோது திரையில் அவன் கார் உருண்டுகொண்டிருந்தது. சக்கரம் மேலே, வானம் கீழே. டம்ளரைக் கீழே போடவில்லை. அது மட்டும் என் சாமர்த்தியம். ரவி சிரித்தான். ஒரு பொத்தானை அழுத்தினான். கார் கீறல் இல்லாமல் புறப்பட்ட இடத்தில் நின்றது.

"பாத்தியாம்மா, டிங்கரிங் செலவே இல்ல."



எட்டு வருடம் முன்பு சென்னைக்கு வெளியே அந்த டிராக்கில் பொத்தான் எதுவும் இல்லை. பெட்ரோல் நாற்றம், கருகின ரப்பர், தலைக்கு மேல் தகரக் கூரை. பக்கத்தில் ரவியின் அப்பா, மடியில் நோட்டு, கையில் அவர் வாங்கித் தந்த ஸ்டாப்வாட்ச். ரவி ஓட்டிய எல்லாப் பந்தயத்திலும் சுற்று நேரம் எடுத்தது நான்தான். மெக்கானிக் பையன்கள் தங்கள் கணக்கை என்னிடம் வந்து சரிபார்ப்பார்கள். "அம்மா வாட்ச்தான் கரெக்டு."

பன்னிரண்டாம் சுற்றில் அவன் வரவில்லை. மற்ற எல்லாக் கார்களும் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் விரலைப் பிரித்தபோது வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம். நோட்டில் அந்தக் கட்டம் இன்றும் காலி. அவர் போய் நாலு வருடம். அந்த நோட்டைக் கடைசி வரை அவர் திறக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன், இதற்கும் நிஜத்துக்கும் என்ன வித்தியாசம் என்று. எட்டு வருடத்தில் முதல் தடவை கேட்கிறேன்.

"நிஜ கார்ல உடம்புதாம்மா மீட்டர். பின் டயர் நழுவப்போகுதுன்னு சீட்டு வழியா முதுகுக்குத் தெரிஞ்சிரும். கண்ணுக்கு அப்பறம்தான் தெரியும். இங்க அது கிடையாது. கையில கொஞ்சம் அதிரும். மத்ததெல்லாம் கண்ணும் காதும்தான்."

சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். அது நிஜக் காருக்கான ஏக்கம். பெற்றவளுக்குத் தெரியாதா.

ஜூன் 7, சனி

கடும் புழுக்கம். கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை. பென்சிலால் திருத்தி வைத்தேன், யாருக்கும் காட்டப் போவதில்லை.

நாளை ரவிக்குப் பெரிய பந்தயம். பத்து வாரமாக நடக்கும் போட்டியில் கடைசி. ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹரி என்று ஒரு கோயமுத்தூர்ப் பையன்:

"ஏனுங்ண்ணா, நாளைக்கு உங்கூர்ல கரண்டு இருக்குமுங்களா? போன தடவ பாதியில காணாமப் போயிட்டீங்க."

"டெல்டாடா தம்பி. பயிருக்குப் போக மிச்சம்தான் எங்களுக்கு."

"ஜெயிச்சா டிராக்குல நிஜ கார் தர்றாங்க பாருங்ண்ணா. ஒரு நாள் பூரா. நல்லா ஓட்டுனா சீசனுக்கே எடுத்துக்குவாங்களாம். உங்க கையில சிக்குனா அது என்னாகறது?"

ரவி சிரித்தான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை, மிக்ஸியை நிறுத்துவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

அந்தப் பையன்களுக்கு இவன் நாற்காலி தெரியாது. அங்கே இவன் ஒரு பெயர், ஒரு கார் நம்பர்.

பிறகு என்னிடம் வந்தான். "நாளைக்குப் பதினொன்னுலேருந்து பன்னெண்டரை வரைக்கும் மோட்டார் வேண்டாம்மா. மோட்டார் எடுக்குறப்ப வீட்ல வோல்டேஜ் இறங்குது. யுபிஎஸ் பாட்டரி போயிருச்சு, புதுசு புதன்கிழமைதான் வரும். கம்ப்யூட்டர் அணைஞ்சா அவ்வளவுதான்."

சரி என்றேன். முருகையனிடமும் சொன்னேன். "ஒன்றரை மணி நேரத்துல நாத்து செத்தா போயிரும்? தம்பி ஓட்டட்டும்மா" என்றார்.

கால் இல்லாமல் கையால் மட்டுமே ஓட்டும் நிஜ ரேஸ் கார்களும் உண்டு என்று எப்போதோ பேப்பரில் படித்தது. அந்தச் செய்தியை அப்போதே மடித்து அடுப்பில் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

ரவியின் பந்தயம் முடியவில்லை. இருபத்திரண்டாம் சுற்றில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மு. மறந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டார். ரவி மதியம் சாப்பிடவில்லை. நானும்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

கண் மருந்து மூன்று வேளையும் போட்டேன்.

நேற்றைய பதிவில் 'மறந்துபோய்' என்ற சொல்லின் மேல் கோடு போட்டிருக்கிறேன். ஒரே கோடு. நான் படித்த கான்வென்ட்டில் ரப்பர் கொண்டுவரக் கூடாது. தவறின் மேல் ஒரு கோடு, தவறு கீழே தெரிய வேண்டும். அறுபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. இருபத்தைந்து சுற்று. "வந்து உக்காரேம்மா, டைம் எடு" என்று கூப்பிட்டான். கம்ப்யூட்டரே எல்லாம் காட்டுகிறது, நான் எதற்கு என்றேன். ஆனால் பீரோவிலிருந்து வாட்ச்சை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அவனுக்குத் தெரியாது.

திரையில் டிராக்கின் மேலே குறுக்காக ஒரு தோரண வளைவு. முன்னால் போகிறவன் அதன் கீழ் நுழையும்போது அழுத்தினேன், ரவி நுழையும்போது அழுத்தினேன். கை மறக்கவில்லை. பதினேழாம் சுற்றில் இடைவெளி மூன்று வினாடி. பதினெட்டில் இரண்டரை. பத்தொன்பதில் இரண்டு. சுற்றுக்கு அரை வினாடி, தவறாமல். இருபத்துமூன்றில் அவனைப் பிடித்துவிடுவான், பிறகு இரண்டு சுற்று மிச்சம். இவன் ஜெயிப்பான் என்பது அந்த நேரத்தில் இவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ஜெயித்தால் நிஜக் கார்.

கொல்லைக்குப் போனேன். முருகையன் வேம்பு நிழலில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"மோட்டாரப் போடுங்க" என்றேன்.

"இன்னும் பன்னெண்டரை ஆவலையேம்மா."

"போடுங்கன்னா போடுங்க. நாத்து காயுது."

என் முகத்தைப் பார்த்தார். சுருட்டை மண்ணில் தேய்த்துவிட்டு நடந்தார். மோட்டார் கொட்டகைக்கு மூன்று நிமிட நடை. கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்ல அந்த மூன்று நிமிடமும் இருந்தது. சொல்லவில்லை. பன்னிரண்டு பத்துக்குச் சமையலறை பல்ப் ஒருமுறை மங்கி எரிந்தது. முன் அறையில் சத்தம் நின்றது.

நாற்று காயவில்லை. போய்ப் பார்த்தேன். ஈரம் இருந்தது.

இதைவிட மோசமானது இனிமேல்தான். ரவி கொல்லை வாசல் வரை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"யாருண்ணே மோட்டார் போட்டது?"

முருகையன் என்னைப் பார்க்கவில்லை. "நாந்தான் தம்பி. மறந்துட்டேன்."

"சொல்லித்தானேண்ணே வச்சேன்? இருபது நிமிஷம் பொறுக்க முடியலையா உங்களுக்கு? முப்பது வருஷமா இந்த வீட்ல என்னத்தப் பாத்தீங்க?"

என் மகன் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் நடுவில் நின்றேன், கையில் மோர் டம்ளர். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மேல்காற்று ஆரம்பம். முன் அறையில் அவன் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எந்திரத்தின் மேல் போர்த்தியிருக்கிறான். ஸ்பீக்கர் இல்லை, ஹரி இல்லை. டிவியும் இல்லை. சக்கர நாற்காலி கூடத்துக்கும் வாசலுக்குமாக இரண்டு தடவை போய்வந்த சத்தம்.

முருகையன் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காபி குடிக்காமல் போனார்.

சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் துணி மடித்தேன்.

ஜூன் 11, புதன்

பாட்டரி வந்தது. பெட்டியை அவன் பிரிக்கவில்லை.

இன்று சொன்னேன். கூடத்தில், எதிரில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல். மோட்டாரைப் போடச் சொன்னது நான், நேரம் தெரிந்து சொன்னேன், நீ ஜெயிக்கப் போகிறாய் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னேன், முருகையன் பொய் சொன்னது எனக்காக.



"எதுக்கும்மா?"

"நிஜக் கார்ல உன்ன மறுபடி உக்காத்தி வைக்க எனக்குத் தெம்பில்ல."

"அந்தக் கார் எனக்கு வேண்டாம்னு பேர் குடுக்கறப்பவே எழுதிட்டேன்மா. ஜெயிச்சாலும் அடுத்தவனுக்குக் குடுத்துருங்கன்னு. ஹரிகிட்டயும் சனிக்கிழமை சொன்னேனே. நீ கேக்கல?"

மிக்ஸி ஓடியது என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு சீட்டு வழியாத் தெரியும்னு அவ்வளவு ஆசையா சொன்னியே."

"ஆசையா சொன்னது அதை இல்லம்மா. இங்க அது யாருக்குமே தெரியாதுங்கறதை. புனேல உக்காந்திருக்கவன், கோயமுத்தூர்ல இருக்கவன், எவனுக்கும் இடுப்புக்குக் கீழ ஒன்னும் தெரியாது. எல்லாருக்கும் கையும் கண்ணும்தான். நிஜ கார்ல ஏறுனா நான் நடக்க முடியாதவன். இங்க நான் நல்லா ஓட்டுறவன்."

பிறகு, குரலை உயர்த்தாமல்: "எனக்கு கொடியப் பாக்கணும்மா. ஒரே ஒரு பெரிய பந்தயத்தையாவது முழுசா ஓட்டி முடிச்சு, கட்டம் போட்ட கொடியத் தாண்டி வரணும். அந்த டிராக்குல அன்னிக்கும் தாண்டல. அந்தக் கணக்கு தீரும்னு நெனச்சேன்."

 

அவன் கொல்லை வாசலுக்குப் போனான். அதற்கு மேல் சக்கரம் போகாது, மண். அங்கிருந்தே கூப்பிட்டான். "முருகையண்ணே... அண்ணே... இங்க வாங்க." அவர் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன பேசினார்கள் என்று கேட்கக்கூடிய தூரத்தில் நான் நிற்கவில்லை. நிற்கும் தகுதி இல்லை.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில். பூத் தூவினார்கள். நமக்கு வர நாளாகும்.

முருகையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, பெத்த வயிறு" என்றார். காபி குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தேன். அவர் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது.

அடுத்த போட்டி எப்போது என்று ரவியைக் கேட்டேன். ஞாயிறு பதினொன்றுக்குச் சின்னதாக ஒன்று இருக்கிறதாம். "பேர் குடுக்கலம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14, சனி

எண்ணெய் தீர்ந்தது. நீல மை கிடைக்கவில்லை, கறுப்பில் எழுதுகிறேன்.

மத்தியானம் அவன் தூங்கும்போது முன் அறைக்குப் போனேன். பாட்டரிப் பெட்டி அப்படியே. பழைய நோட்டை எடுத்து வந்து, பன்னிரண்டாம் சுற்றின் காலிக் கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை போட்டேன். 17, 18, 19 இடைவெளிகள். 20, 21 நான் பார்க்கவில்லை, கொல்லையில் இருந்தேன். 22 காலி. பக்கத்தில் 'அம்மா' என்று எழுதினேன். யார் தவறு என்று நோட்டில் இருக்க வேண்டும்.

வேட்டிக்கு மேல், ஸ்டீயரிங் மேடாகத் தெரியும் இடத்தில், நோட்டையும் வாட்ச்சையும் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காற்று பலம். தூசி. கல்லணையில் இன்று திறப்பு. நம் வாய்க்காலுக்கு இன்னும் நாலைந்து நாள்.

நோட்டும் வாட்ச்சும் வைத்த இடத்தில் இல்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும்.

நேற்று முழுக்க மும்முனை வரவில்லை. நாற்றங்கால் ஓரத்தில் வெடிப்பு கண்டிருக்கிறது, நானே பார்த்தேன், இந்தத் தடவை உண்மை. இன்று பத்தே முக்காலுக்குத்தான் கரண்ட் வந்தது. முருகையன் கொல்லை வாசலில் வந்து நின்றார்.

"போட்றலாங்களாம்மா?"

முன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே சத்தம் இல்லை. சட்டம் கிறீச்சிடவில்லை.

"தம்பி ஓட்டுறாங்களா?"

"இல்ல."

பதினொன்றுக்கு அந்தச் சின்னப் போட்டி, ஒருவேளை உட்கார்ந்தால் என்று, பன்னிரண்டரை வரை வேண்டாம் என்றேன். சரி என்று வேம்படியில் உட்கார்ந்தார். நானும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது பதினொன்று பத்து.