கம்ப்யூட்டரில் வந்த தண்ணீர்

உன் தெருவுக்குத் தண்ணீர் போகிறது என்று குடிநீர் அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அது பொய். மதினியைப் பார்க்க இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் விடும் நாள்தான். வாசல் குழாயைத் திறந்தால் காற்று சீறிக்கொண்டு வந்தது. கடைசிவரை காற்றுதான். அந்தச் சத்தம் கேட்டதும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

தல்லாகுளத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலம். நான் புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றவன். நீ மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். உங்கள் பகுதியில் புதிதாகப் பதிக்கவிருந்த குழாய்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வரைந்தோம். முதல் தடவை ஓட்டியபோது எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிட்டது, குழாயின் கடைசியில் இருக்கும் உன் வீட்டுக்கும். நீ சட்டென்று எழுந்தாய்.

"எங்க கெளம்பிட்ட?"

"கம்ப்யூட்டர்லதான் தண்ணி வந்திருச்சே மாப்ள, குளிச்சிட்டு வாரேன்."

சிரித்து முடித்த பிறகுதான் தவறு புரிந்தது. ஒவ்வொரு வீட்டின் தேவையையும் நாம் எழுதிக் கொடுத்தோம். அது அப்படியே கொடுத்துவிட்டது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஊருக்கு அந்தக் கணக்கு சரி. இங்கே கொஞ்ச நேரம்தான் வால்வைத் திறக்கிறார்கள்.

"எம்புட்டு வேணும்னு கேக்காத. மூடுறதுக்குள்ள எம்புட்டு வருதுன்னு கேளு" என்றாய்.

மறுபடி போட்டோம். காலிக் குழாய் நிரம்பி, முதல் தெருக்களின் தரைத்தொட்டிகள் நிரம்பி, உன் தெருவை எட்டும் முன்பே வால்வு மூடிக்கொண்டது. திரையில் உன் வீடு வறண்டு கிடந்ததைப் பார்த்து நீ கைதட்டினாய். தன் வீட்டுக்குத் தண்ணீர் வராததற்குக் கைதட்டிய ஒரே ஆள் நீதான்.

அந்தக் கணக்கைக் குடிநீர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். அதிகாரி மசியவில்லை. "சராசரியாப் பாத்தா எல்லாருக்கும் போகுதுண்ணே."

"சராசரிய எந்தக் குடத்துல பிடிக்கிறது சார்?" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பி, நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். அவர்களுடைய சராசரிக் கணக்கின்படியே குழாய் பதித்தார்கள்.

போன மாதம் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டி எடுக்கவும் லாரித் தண்ணீர்தான் வந்தது. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

பொறியாளர் தண்ணீர் விடும் நாளில் உன் வாசலில் வந்து நிற்க வேண்டும். கடைசித் தெருக்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். முதல் தெருக்காரர்கள் தொட்டி நிறைந்ததும் குழாயை மூட வேண்டும். மதினி என்னோடு வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் நம் கணக்கை எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போக வேண்டும். உன் வீட்டுக் குடம் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சராசரியை அதில் பிடித்துக் காட்டட்டும்.