உன் பெயருக்கு நான் குறைத்த மதிப்பெண்

பிரியமான சேவியருக்கு,

நீ இருக்கும் இடத்தில் உப்புக்காற்று வீசாது என்று நம்புகிறேன். இங்கே வீசிக்கொண்டுதான் இருக்கிறது. போர்ட் பிளேரில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். நடுவர்களில் ஒருவன் நான். சிரிக்காதே. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால் பாரபட்சம் இருக்காது என்றார்கள்.

உன் மகனுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவன் நான், அவர்கள் வீட்டுக் காரும் போட்டிக்கு வருகிறது என்று முன்பே சொன்னேன். யாருக்கும் உறவோ நட்போ இல்லாத ஆளை இந்தத் தீவில் எங்கே தேடுவது என்று கேட்டுவிட்டு, இன்னொரு நடுவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள்.

உன் பியட் காரின் தலைவிதி அந்தப் போட்டியில்தான் இருந்தது. பரிசு வாங்கினால் வண்டி வீட்டில் நிற்கட்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று உன் மகன் பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டான். உன் மனைவி பிலோமினாவும் சம்மதித்தாள். அவள் பயப்பட என்ன இருந்தது? தொழிற்சாலையில் அடித்த பெயிண்டோடு இந்த ஊரில் மிஞ்சிய ஒரே கார் அது. மழைக்காலத்துக்கு முன் தேங்காயெண்ணெய் தடவுவாய். மின்னி பே கடற்கரைப் பக்கம் போகாமல் மேட்டுச் சாலையைச் சுற்றி வருவாய். தீவில் இருந்துகொண்டு கடலைத் தவிர்த்தே கார் ஓட்டியவன் நீ ஒருவன்தான்.

நடுவரின் நேர்மை கெடக்கூடாது என்று ஒரு மாதமாக உன் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. அந்த மாதத்தில்தான் நீ எஞ்சின் பழுது பார்த்துக் கொடுத்த படகுக்காரர்கள் அங்கே போயிருக்கிறார்கள். சொந்தக்காரர் இறந்தால் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அவர் பெயரை எழுதிக் கடலில் இறக்குவது அவர்கள் வழக்கம். காருக்கும் அதையே செய்தார்கள். கூலி வாங்கவில்லை. அன்பைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

மைதானத்துக்கு உன் இளமஞ்சள் பியட் நீலமும் பச்சையுமாக வந்து நின்றது. பானெட்டில் பெரிய எழுத்தில் உன் பெயர், பக்கத்தில் ஒரு சிலுவை. பிலோமினா பட்டுச்சேலையில் நின்றாள்.

"பாருங்கண்ணே, ஏக்தம் புதுசு. இனி உப்பு கிட்ட வராது."

சென்னை நடுவர் நல்ல மனிதர். கதவை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"சார், இதுல ஒரிஜினல்னு என்ன மிச்சம் இருக்கு?"

ஓட்டிய ஆள் என்று சொல்லியிருப்பேன். நீயும் மிச்சமில்லையே. பெயிண்ட் மாறியதற்கு மதிப்பெண் குறைத்தோம். பானெட்டில் எழுதியதற்குத் தனியாகக் குறைக்க வேண்டும் என்றது விதி. குறைத்தேன். பரிசு ஹேவ்லாக் ரிசார்ட்காரருக்குப் போனது. அவருடைய கார் போன மாதம்தான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு நம் தீவில் தெரிந்த சாலை, ஜெட்டியிலிருந்து மைதானம் வரைதான். துரு அதைத் தொடவில்லை. தொட நேரம் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு பிலோமினா என்னிடம் வந்தாள்.

"பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

நடுவர் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்றேன். அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு அவ்வளவு கேவலமாக நான் நின்றதே இல்லை.

"சரிதான். நடுவர் ஆவுறதுக்கு முன்னாடி வாரம் தவறாம வீட்டுக்கு வருவீங்க."

மறுநாள் உன் மகனுக்குப் போன் செய்து, வண்டியை இரும்புக்குப் போடாதே என்று கெஞ்சினேன். விதிப்படி நடந்ததா என்று கேட்டான். நடந்தது என்றேன். அப்புறம் என்ன மாமா என்றான். யாருடைய ஞானப்பிள்ளை என்று கேட்டால் நான்தான் கை தூக்க வேண்டும்.

நேற்று லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பிலோமினா உள்ளேயே இருந்தாள். லாரியில் பானெட் பின்பக்கம் பார்த்தபடி இருந்ததால், பத்துபஸ்தி சாலை வளைவு வரை உன் பெயர் தெரிந்தது. சேவியர், அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்வேன். இந்த ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போவேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்காருவேன். அடுத்த ஞாயிறும் போவேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் ஞானத்தகப்பன்