சிட்டின் களத்தில் கொட்டிய சருகு

குன்றுறை குமரவேள் திருவருள் முன்நிற்க. செவ்வரை மலைநாட்டு அரசி பூங்குழை மாதேவி, ஆற்றுவளம் குன்றாத நீள்துறை நாட்டு மன்னர் அரிமாக்கோ அவர்களுக்கு எழுதுவித்த ஓலை. தங்கள் வயல்களில் மழையும் தொழுவங்களில் பாலும் குறைவின்றி வாய்க்க வேண்டுகிறோம்.

குருவி ஆடியதைப் பார்த்துக் கணவனைத் தேர்ந்தவள் நாளை எறும்பைக் கேட்டு வரி விதிப்பாள் என்று தாங்கள் நகைத்ததாகத் தங்கள் தூதர் நம் அவையில் சொன்னார். அவையோர் சினந்தனர், நாம் சிரித்துவிட்டோம். நாம் மணக்கவிருக்கும் வெற்பூர்த் தலைவர் நன்னாகரிடம் ஒற்றை யானையும் இல்லையே, தங்களிடம் இல்லாத எதை அவரிடம் கண்டாள் என்று தாங்கள் உறக்கமின்றிக் கேட்பதாகவும், இம்மணத்தை நாம் கைவிடாவிடில் தங்கள் படை ஆற்றைக் கடக்கும் என்றும் அத்தூதர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

எங்கள் நாட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே. பெண் கேட்டு வருபவர் விடியலில் மாணிக்கச்சிட்டின் ஆடுகளத்தருகே அமர வேண்டும்; அது ஆடினால்தான் மணம் கூடும். கைப்பிடி அளவேயான அப்பறவை, தரையில் சருகு ஒன்றும் இல்லாமல் துப்புரவு செய்த பிறகே செந்நிறக் கொண்டையை விரித்துப் பேடையின் முன் சுழன்றாடும். தங்கள் முறை வந்தபோது தங்கள் காவலர்களின் அரவத்துக்கு அஞ்சி அது ஆடவில்லை.

நன்னாகர் முறையில் தங்கள் ஆட்கள் இருவர் மரத்தின் மேலிருந்து கூடைச் சருகைக் களத்தில் கொட்டினர். நாம் மறைவில் நின்று கண்டோம். சிட்டு ஆட்டத்தை விட்டு ஒவ்வோர் இலையாகக் கவ்வி இழுத்தது. பேடையோ பறந்துபோக எழுந்தது. நன்னாகர் மண்டியிட்டுத் தாமும் இலைகளைப் பொறுக்கி மேலாடையில் சேர்த்தார். முதலில் விலகிய பறவை, பிறகு அவர் விரலருகிலேயே வேலை செய்தது. வெயில் ஏறியபின் ஆடவும் செய்தது. ஆனால் அவர் முழங்காலில் மண் ஒட்டியபோதே நாம் முடிவு செய்துவிட்டோம். தாங்கள் கேட்டதற்கு விடை இதுவே.

தங்கள் பொறாமையை நாம் வெறுக்கவில்லை. எதிர்க்கிளையில் தோற்ற சிட்டொன்றும் இருந்தது. நாளெல்லாம் கத்தி, வென்றதன் களத்தில் ஓர் இலையைப் போட்டுவிட்டுப் போனது. மறுநாள் அது தன் களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

தங்கள் ஆட்களில் மரத்திலிருந்து விழுந்து கால் பிசகியவருக்கு மருந்து கட்டி, இருவருக்கும் தினைச்சோறு அளித்து இவ்வோலையுடன் அனுப்புகிறோம். படையைத் திருப்பி அழைத்துக்கொள்க. மணநாளில் வாளின்றி வருக. நம் வலப்புறம் தங்களுக்கு இருக்கை இடப்படும், எல்லைக் காவலர் வழிவிடுவர். இது நம் ஆணை; நம் வேண்டுகோளும் அதுவே. மெழுகில் சிட்டின் உதிர்ந்த இறகு ஒன்றைப் பதித்து நம் இலச்சினை இட்டோம்.

வரும் வழியில் களத்தைக் கடப்பீர்கள். அங்கே ஓர் இலை கிடந்தால் எடுத்து அப்பால் போடுக.